பிரிந்து வாழ்பவர்

உ

முருங்கன்
14.09.2012

அன்புள்ள அருளம்மாவுக்கு,

நானும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டால் பதில் வருமோ தெரியாது. நாலு மாதமாக உன் போன் வேலை செய்யவில்லை. பணம் மட்டும் மாதம் தவறாமல் வங்கிக்கு வருகிறது. அதைப் பார்த்துத்தான் நீ நலமாக இருக்கிறாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். முன்பு உன்னோடு ஒரே விமானத்தில் போன சிலாவத்துறை ஆமினா, வருகிற செவ்வாய் மறுபடி குவைத்துக்குப் போகிறார். இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அரசாங்கம் கல்வீடு கட்டிக் கொடுக்கிற வீட்டுத்திட்டப் பட்டியலில் நம் பெயர் வந்துவிட்டது. உடனே சந்தோசப்படாதே, முழுக்க வாசி.

ஆனி மாதம் வீட்டுத்திட்டக் கந்தோரிலிருந்து ஒரு இளம் பெண் படிவத்தோடு வந்தார். நம் தகரக் கொட்டிலில் இருக்கிற ஒரே கதிரையில் அவரை இருத்திவிட்டு நான் நின்றபடி பதில் சொன்னேன். மற்ற வீடுகளுக்கும் போகிற அவசரம் அவருக்கு. மிச்சத்தை நீங்களே நிரப்புங்கோ ஐயா, பின்னேரம் வந்து எடுக்கிறன் என்று தந்துவிட்டுப் போனார். மணமானவர், மணமாகாதவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் என்று நாலு கட்டம் இருந்தது. கனநேரம் யோசித்தேன். நீ அங்கே, நான் இங்கே. இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிரிந்துதானே வாழ்கிறோம்? அரசாங்கத்துக்குப் பொய் எழுதக்கூடாது என்று கடைசிக் கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். பிரிந்தவரின் சம்பளத்தை அந்தப் படிவம் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

போன கிழமை பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். பதினோராவது பெயர் என்னுடையது. பக்கத்தில், மனைவியைப் பிரிந்து பிள்ளைகளுடன் தனித்து வாழும் தந்தை என்று இருந்தது. வேறு யாரோ லெட்சுமணனைப் பற்றி வாசிப்பது போலிருந்தது. நான் வீட்டுக்கு வந்து சேர முன்னமே உன் அண்ணன் பாலசிங்கம் படலையில் நிற்கிறார். என்ர தங்கச்சியை எப்ப விட்டனீர், ஆரைக் கேட்டு விட்டனீர் என்று ஊர் கேட்கக் கத்தினார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மூத்தவள் கிருசாந்தினி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பஸ் எடுத்து மன்னார்க் கந்தோருக்குப் போனேன். அதே பெண் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். திருத்தலாமாம். திருத்தினால் உன் சம்பளம் நம் வருமானத்தில் சேருமாம். ஆனால் நீ இங்கே வசிக்காதபடியால் ஆள் கணக்கில் சேரமாட்டாயாம். உன் உழைப்பு உள்ளே, நீ வெளியே. அப்ப நீங்கள் வசதியான குடும்பமாப் போயிடுவியள் ஐயா, வீடு கிடைக்காது என்றார். மழைக்கு ஒழுகிற கொட்டிலில் இருந்துகொண்டு வசதியான குடும்பமாம். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே குழப்பம். அமிர்தநாயகம் வீட்டில் புருசன், பெண்சாதி, மகன்மார் இரண்டு பேர் எல்லோரும் கூலிக்குப் போகிறார்கள். ஆளுக்கு என்னைவிடக் குறைவுதான், ஆனால் ஒரே உலையில் சேருவதால் கல்வீடு எழும்பிவிட்டது. பூமணி அக்கா வீட்டில் உழைப்பது ஒரு கை. அந்தக் கைதான் சமைக்கவும் வேண்டும். நம்மூரிலிருந்து கனடாவுக்குப் போன நிரூபனும் பெண்சாதியும் இரண்டு பேரும் உழைத்தும் வாடகைக்கே காணாது என்கிறான். இங்கே அவனைப் பணக்காரன் என்கிறோம். உன் மேடம் வேலைக்குப் போகிறா என்றால், அவவின் பிள்ளையை நீ பார்ப்பதால். நீ அங்கே இருக்க முடிகிறது என்றால், அபிசாவைக் கிருசாந்தினி பார்ப்பதால். சமைத்து, தங்கச்சிக்கு உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்திவிட்டு இரண்டாம் பாடத்துக்குத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு மட்டும் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இதில் யார் ஏழை, யார் வசதி என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் பிடிபடவில்லை. உன் ஒப்பந்தம் சித்திரையில் முடிந்தது. நீ இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டாய் என்று ஏஜென்சிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீடு கட்டத்தான் நீட்டினாயா? இல்லை, இந்தக் கொட்டிலுக்கும் எனக்கும் திரும்பி வர விருப்பமில்லையா? ஒரு நாளைக்கு ஒன்றை நம்புகிறேன், மறுநாள் மற்றதை நம்புகிறேன்.

இருபத்தெட்டாம் திகதிக்குள் திருத்தாவிட்டால் அத்திவாரம் வெட்ட வந்துவிடுவார்கள். திருத்தினால் இந்தத் தகரம்தான். பிள்ளைகளுக்குக் கல்வீடு வேண்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மா எங்களையும் பிரிஞ்சிட்டாவா என்று அபிசா கேட்கிறாள்.

பிள்ளையார் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். யாருடைய போனிலாவது ஒரு தரம் பேசு. திட்டுவதென்றாலும் பரவாயில்லை, பேசு. அந்தக் கட்டத்தில் நான் பிழையாகச் சரி போட்டேனா, சரியாகத்தான் போட்டேனா என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் புருசன் என்றே இன்னும் எழுதுகிற,
லெட்சுமணன்