மூக்குக்கு விழுந்த சைபர்

மாரிக்கனிக்கு, நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? திருச்சுழித் தாலுகாவே நம்பாத கதை ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன், கேள்.

எண்ணெயின் சிக்கு வாடை தெரியவில்லை என்று முறுக்கு அடுப்பிலிருந்து என்னைப் கடையில் பாத்திரம் கழுவ மாற்றினார்களே, அந்த மூக்கோடு இங்கே பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் வளர்கிற சதைக்குப் புது ஊசி எவ்வளவு குணம் தருகிறது என்று சோதிக்க ஆள் எடுத்தார்கள். உள்ளே விட்ட கேமரா வழி தெரியாமல் ஒரு வாரம் அலைந்தது. சதையை அளக்க சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அளவைக் கேட்டு டாக்டர்கள் எழுந்து என்னைக் கும்பிட்டார்கள்.

தொல்லை எவ்வளவு என்று கேட்டு மார்க் போட வந்த நர்ஸ் நம்ம மல்லாங்கிணறு பிள்ளை.

"மூக்கடைப்பு எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கேன் தாயி."

"வாசனை? தூக்கம்?"

"எல்லாம் சௌக்கியம். அப்பா அம்மா நல்லா இருக்காகளா?"

ஊர்ப்பிள்ளை விசாரித்தால் வேறென்ன சொல்வது? எல்லாவற்றுக்கும் சைபர் போட்டாள். தொல்லை இல்லாதவருக்கு ஊசி எதற்கு என்று டாக்டர் அனுப்பிவிட்டார். திரும்பப் போய்க் கெஞ்சினேன். முதலில் சொன்னதுதான் செல்லுமாம்.

இனிமேல் இங்கே வருகிறவர்களிடம் குழம்பு கொடுத்துவிடாதே. கெட்டுவிட்டதா என்று மோந்து சொல்ல இங்கே ஆளில்லை. பருப்புப்பொடி போதும்.

முதலாளி கூப்பிடுகிறார். கேமரா அலைந்தது பொய், சர்வேயர் பொய், கும்பிடு பொய். ஊசி கிடைக்காதது மட்டும் நிஜம்.

காளீஸ்வரன்