ஒன்பது நாள் தக்காளி

அன்பு வாலுக்கு,

இன்று எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் தக்காளியைத்தான் போய்ப் பார்த்தேன், அதைச் சொல்லுமுன் ஒரு வார்த்தை, இங்கே எல்லோரும் சுகம், உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இனி தக்காளி. நம் வீட்டு முன்னறைக் கடையில் நாலாம் நாளே பாதிப் பழம் குப்பைக்குப் போகிறது, இப்படியே போனால் கடையை மூடிவிடலாம் என்று அப்பா போன மாதம் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாணவர் விடுதிச் சமையல் பொறுப்பாளர், பத்து நாள் தாங்குற தக்காளி கொடுத்தா மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான் என்றார். தாவரவியல் படித்தவள் சும்மா இருப்பேனா? கற்றாழைச் சோற்றை அரைத்து வடிகட்டி, கிராம்பு கொதித்த நீரைக் கலந்து, ஒரு தட்டுப் பழத்தை அதில் நனைத்து உலர்த்தினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே நனைக்காத பழம் ஒரு தட்டு.

ஏழாம் நாள் நனைத்தது லேசாகச் சுருங்கியது, நனைக்காததோ நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போனது. அப்போதே யோசித்திருக்க வேண்டும், இந்த முறை வந்த சரக்கே அப்படிப் போல என்று நினைத்துவிட்டேன். உன் அத்தை வந்து பார்த்து, என்ன அண்ணி, தக்காளிக்கு ஃபேஷியல் பண்ணீங்க, பாவம் அதுக்கு வயசு கூடிப்போச்சே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருடம் தொடாத படிப்பு இப்போது மட்டும் கைகொடுக்குமா என்று இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இன்று தோல்வியை நோட்டில் எழுதி முடிக்கலாம் என்று போனால், உன் அப்பா அந்த நனைக்காத தட்டின் முன் குனிந்து நிற்கிறார், கையில் புதுத் தக்காளி. என்ன பண்றீங்க என்றேன். அழுகினதை முன்னால வச்சிருந்தா எவன் கடைக்கு வருவான், தினமும் நான்தான் பொறுக்கிப் போட்டுட்டு நல்லதா மாத்தி வைக்கிறேன், நீ கண்டுக்கவே இல்ல என்று நன்றி வேறு எதிர்பார்த்தார். அப்ப அந்த நனைச்ச தட்டு என்றேன். அதுதான் அழுகவே இல்லையே, அதை எதுக்குத் தொடணும் என்றார். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஒன்பது நாள் பழம், அன்றன்று வந்த பழத்தோடு அழகுப் போட்டி போட்டிருக்கிறது, பாவம்.

விஷயம் புரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. நாளைக்குப் பத்தாம் நாள், விடுதிக்கு நானே எடுத்துட்டுப் போய்ப் பேசிக்கிறேன், நீ எதுக்கு அலையுற என்கிறார்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய், மறந்துவிட்டாய் என்று குறைபடுகிறாள். எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க அம்மாவின் ஆசிகள்.

ஒன்றை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவை அனுப்பினால் சுருக்கத்தைப் பார்த்து மனசு கேட்காமல் வழியிலேயே நாலு புதுப் பழத்தைச் சேர்த்துவிடுவார். அதனால் நாளை அவர் சந்தைக்குக் கிளம்பியதும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பேருந்தில் நானே போகப்போகிறேன், உள்ளது உள்ளபடி, சுருக்கத்தோடு.

உன்
அம்மா