மேற்கு மூலைப் பூச்சு

அக்டோபர் 6
தண்ணீர் பிடித்தேன். மக்காச்சோளம் அவித்தேன். உட்கார முடியவில்லை. மறுபடி தண்ணீருக்குப் போனேன். குடம் நிறைந்துதான் இருந்தது.

அக்டோபர் 8
பழைய கோயிலின் மேற்குச் சுவர் வெள்ளை பூத்து, கல் உதிர்கிறதாம். என் வீட்டுக்காரர் ஃபெர்மின் சாவதற்கு முன் நான்கு மாதம் பூசிய சுவர். சுண்ணாம்பில் சிமெண்ட் கலந்திருக்கிறது, பழைய கல்லுக்கு அது ஆகாது, எதுவரை கலந்திருக்கிறது என்று தெரியாது, முழுவதையும் உடைக்க வேண்டும் என்று கோயிலைப் பழுதுபார்க்க வந்த இன்ஜினியரம்மா சொன்னாராம்.

அக்டோபர் 9
மாவு மில்லில் கோயில் வேலை மேஸ்திரி போனிஃபாசியோ எல்லார் முன்னாலும் கேட்டார்: "உன் வீட்டுக்காரன் கோயிலுக்குப் பூசினானா, பஸ் ஸ்டாண்டுக்குப் பூசினானா?" பெண்கள் சிரித்தார்கள். எங்க வீட்டுக்காரர் சுண்ணாம்புல சேர்க்க மரப்பட்டை அவிச்ச பானை இன்னும் செவப்பாத்தான் இருக்கு, வந்து பாருங்கன்னு கத்திட்டு வந்துட்டேன். பட்டைத் தண்ணீர் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாத மனுஷன்!

அக்டோபர் 12
இன்றும் அந்தப் பானையைத் தேய்த்தேன். சிவப்பு போகவில்லை.

அக்டோபர் 15
கோழிக்கூட்டுக்குப் பின்னால் அரை மூட்டை சிமெண்ட். மழையில் கல்லாகிக் கிடக்கிறது.

எதற்கென்று எனக்குத் தெரியும். சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரி இல்லை, ஒரே நாளில் இறுகிவிடும். ஜூலையில் பேத்திக்கு மூன்று மாதம் நிறைந்தது. எங்கள் வழக்கப்படி பெண் குழந்தையை அன்றுதான் முதன்முதலாக இடுப்பில் ஏற்றணும், நாள் தள்ளக் கூடாது. மூலை ஒன்றுதான் பாக்கி, சுண்ணாம்புப் பூச்சு மெல்லக் காயப் பத்து நாளாகும், அதுவரை சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்கணும் என்றார் அவர். நான்தான் — "செத்த கல்லு பெரிசா, பேத்தி பெரிசா? சனிக்கிழமை வந்து சேருங்க"ன்னேன்.

வந்து சேர்ந்தார். அடுத்த சனிக்கிழமை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

அக்டோபர் 16
சொல்லணுமா? சொன்னா அவர் பேரு போகும். சொல்லாட்டி அவர் சுவரே போகும்.

அக்டோபர் 17
கோயிலுக்குப் போய் மேஸ்திரியிடமும் இன்ஜினியரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மூலை மட்டும்தான் சிமெண்ட், மற்றதெல்லாம் சுத்தச் சுண்ணாம்பு, அவசரப்படுத்தினது நான் என்று. மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். "பேத்தி விசேஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே, தங்கச்சி."

இன்ஜினியரம்மா சுவரைப் பல இடத்தில் துளைத்துப் பார்த்தார். மூலையை மட்டும் சுரண்டினால் போதுமாம். பட்டையை நான் அவித்துத் தருகிறேன் என்றேன்.

நவம்பர் 1
செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். மண்ணுக்குள் சுட்ட கோழி அப்பத்தை அவருக்குப் படையல் வைத்தேன். அவர் முதலில் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

காலையில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுப் பூச்சின்மேல் தொங்கும் சாக்கை நனைத்தேன். காய இன்னும் பத்து நாளாகும் என்றார் மேஸ்திரி.

ஆகட்டும்.