அரை நிமிடம் பிந்திய பாட்டு

அத்தான், இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ரீவியில் நெற் படம் காட்டும் அந்தப் பொக்ஸ் கடைசியில் என் கைக்குத்தான் வரும் என்றேன், வந்துவிட்டது. நேற்று அக்கா அதைக் கொண்டுவந்து தந்தா. றிமோட்டின் பொத்தான்களில் இன்னும் உங்கள் முழங்கால் தைலத்தின் மணம். அதைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் மனம் வரவில்லை.

உங்கள் மகன் கனடாவிலிருந்து அதை அனுப்பியபோது நீங்கள் கட்டிலோடு ஆகிவிட்டீர்கள். பருத்தித்துறையில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் சேர்ச். பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் என்றால் நீங்கள்தான். அந்தக் குரலுக்கு மீன்கள் கரைக்கு வந்ததை நானே கண்டிருக்கிறேன். ஞாயிறு ஆராதனையை நேரலையாக விடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டீர்கள். வேறு ஆரைக் கூப்பிடுவது? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் பொக்ஸின் ஆங்கிலத்தை நான் வாசித்த வேகத்தில் ரவுட்டரே வெருண்டு விளக்கை மினுக்கியது.

படம் வந்தது. ஆனால் யன்னலால் வந்த பாட்டுக்கும் ரீவியில் வந்த பாட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் இருந்தது.

“டேய், அங்கை பாடி முடிச்சுச் சனம் கதிரையிலை இருந்திட்டுது. நான் இஞ்சை இன்னும் முதலடியிலை நிக்கிறன்.”

“இன்ரநெற்றுக்குள்ளாலை வரவேணுமெல்லோ, அத்தான். அது சிங்கப்பூரெல்லாம் சுத்தி வருது.”

“ரெண்டு ஒழுங்கை தாண்டச் சிங்கப்பூர் போகோணுமோ? நான் தவண்டு போனாலும் முந்திப் போடுவன்.”

சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினீர்கள். “ஒருக்கால் அவையோடை சேந்து பாடவேணுமடா. தனியப் பாடிக்கொண்டு போகேலாது.”

ஆராதனை என்றால் பார்ப்பதும் கேட்பதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூட நிற்பதும் அதற்குள் இருக்கிறது என்பதை உங்கள் முதுகைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

பொக்ஸின் அமைப்புகளுக்குள் இறங்கி, பஃபர் என்ற இடத்தைப் பிடித்தேன். எவ்வளவு படத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காட்டத் தொடங்கவேண்டும் என்று பொக்ஸுக்கு அதில்தான் சொல்வது. குறைத்தேன். போதகர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

“உவர் ஆருக்குப் பல்லுக் காட்டுறார்?” என்றீர்கள்.

கூட்டினேன், படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, பாட்டு இன்னும் பிந்தியது. படத்தின் தரத்தை இறக்கினேன், வைஃபையை விட்டு வயரைக் குத்தினேன்.

“விடன் தம்பி, அது பாவம்,” என்றா அக்கா.

அடுத்த ஞாயிறு வென்றேன். இரகசிய எண் ஒன்றைப் போட்டு பஃபரை அடக்கினேன். ரீவியும் சேர்ச்சும் ஒரே மூச்சில் பாடின. நீங்கள் தலையணையை விட்டு நிமிர்ந்து குரலை இறக்கிய இறக்கில் சுவர்ப்படம் ஆடியது. முகம் முழுக்கச் சிரிப்பு. அதன்பிறகு உங்களுக்கு ஒரு ஞாயிறும் வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அந்த எண்ணின் கதையைச் சொன்னேன். இன்று காலை உங்கள் மகன் ஃபோன் எடுத்தான்.

“மாமா, அந்த நம்பரை எனக்கும் சொல்லுங்கோ. இஞ்சையும் நேரலை பிந்தித்தான் வருது.”

“பிறகு எடுத்துச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டேன்.

அப்படி ஒரு எண் இல்லை, அத்தான். அந்த அரை நிமிடம் குறையவே இல்லை. அக்கா உங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் நான் யன்னலைச் சாத்தி, ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன். என் வித்தை அவ்வளவுதான். பாட்டின் நடுவில், உங்களுக்கு வியர்த்து ஊற்றுவதைப் பார்த்து அக்கா யன்னலைத் திறக்கப் போனா. நீங்கள் பாட்டை நிறுத்தாமல், வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தீர்கள். கடைசி அடியையும் பாடி முடித்தபின் என்னைப் பார்த்துச் சொன்னதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

“இனித் திறவடா. அவை எப்பவோ பாடி முடிச்சு இருந்திட்டினம்.”