சவலைக் கன்று

ஞாயிறு இரவு, யோங் பெங்

மாங்கன்றில் வைத்த மூன்றாவது ஒட்டும் கறுத்துவிட்டது. ஈரம் காயாதிருக்க ஒட்டை மூடியிருந்த ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதும், ஒட்டிய மாங்குச்சி கையோடு வந்தது.

அம்மா இறந்த பிறகு, அம்மா நட்ட மாமரம்தான் எங்களுக்கு மிச்சமாக இருந்தது. வடிகாலுக்காக அதை வெட்டப்போகிறார்கள் என்றதும், அதன் குச்சிகளை ஒட்டுவதற்கு நான்தான் கன்றுகளைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா செம்பனைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த உரத்தில் மூன்று கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து பளபளத்தன. குளியலறைக்குப் பின்னால் உரம் படாமல் நின்ற நாலாவது, குட்டை.

“இது என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்றார் அப்பா.

“அது சவலைப்பா. வேணாம் லா.”

தண்டு பென்சில் பருமனில் முற்றியிருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்தும் உயரத்தைத்தான் பார்த்தேன். உரத்தில் வளர்ந்த தண்டுகள் கீரைபோல் இளசு. வெட்டிய இடத்திலேயே அழுகிவிட்டன.

இன்று மாலை அப்பா அந்தக் குட்டைக் கன்றைத் தூக்கிவந்து என் முன் வைத்தார். தண்டு சரியாகப் பென்சில் பருமன். பழுப்பேறி உறுதியாக இருந்தது.

“இதுல ஒட்டிப் பாரேன்மா.”

“குச்சிக்கு எங்கப்பா போறது?”

மரம் நின்ற இடத்தில் இப்போது சிமெண்டு வடிகால். அப்பா கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். அது நன்றாகத்தான் வளரும். அம்மாவின் பழம் மட்டும் அதில் காய்க்காது.