அளவுக்காக நிறுத்திய மனிதர்கள்

அண்ணா,

நேற்று உங்கள் கடைசி மகள் என் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். செமாபோக்கில் வரப்போகும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் படம். அங்கே இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அவள் திரையில் அது எழுந்து நின்றது. முதலில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள். பிறகு சுவருக்குச் சாயம், தரைக்குக் கல், சன்னலுக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் தோல்போலப் போர்த்தினாள். ஊர் மலாக்கா, நேரம் சாயங்காலம் என்று குறித்ததும் சூரியன் தானாகவே தன் இடத்தில் போய் நின்றது. வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று இயந்திரம் கணக்குப் போடப் போட, மணல் இறைத்ததுபோல் இருந்த படம் மெல்லத் தெளிந்தது. நான் தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் தரையில் மழை ஈரம்கூட மின்னியது.

கடைசியாகத்தான் மனிதர்கள். குடை பிடித்த பெண், சைக்கிள்காரர், பிள்ளையைத் தோளில் தூக்கிய தகப்பன் என்று ஏற்கெனவே வெட்டி வைத்த உருவங்களை ஒவ்வொன்றாக இழுத்து வாசலில் விட்டாள்.

“இவங்கெல்லாம் யாரும்மா?”

“யாருமில்ல அத்தே. கட்டடம் எவ்ளோ பெருசுன்னு தெரியணும்ல, அதுக்கு.”

தேநீரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை, அந்தத் துக்கம் என்று நினைத்திருப்பாள்.

அது உங்கள் வாசகம், அண்ணா. காஜா பெராங்கில் நாம் குடியிருந்த வீட்டின் முன்னறையில், சாய்த்துப் போட்ட வரைபலகையின் முன் நின்று நீங்கள் எனக்குச் சொன்னது. “மனுஷங்கள கடைசியில போடு. அவங்க அளவுக்குத்தான்.”

ஒரு கட்டட அலுவலகத்தில் நீங்கள் வரைவாளர். கட்டப்போகிற கட்டடம் எப்படி இருக்கும் என்று முதலாளிகளுக்குக் காட்டும் வண்ணப் படங்களை வீட்டில் வைத்து வரைவீர்கள். பலகையின் இரு ஓரங்களிலும் ஆணி அடித்து நூல் கட்டுவீர்கள். சுவரும் கூரையும் அந்த ஆணிகளை நோக்கி ஓடிச் சிறுத்துப்போகும். நனைத்து ஒட்டிய தாளைச் சாய்த்துப் பிடித்து, வானத்து நீலத்தை மேலிருந்து வழிய விடுவீர்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த வாசலில் போய் நின்றதுபோல் இருக்கும். உங்கள் கையைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் அந்த வேலை வந்தது.

மெர்டேக்கா வரப்போகிறது, நாடு விடுதலையாகப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீடுகளின் நிலத்தை ஒரு தவுக்கே, பணக்காரச் சீன முதலாளி, வாங்கினார். அங்கே சினிமாக் கொட்டகை கட்ட வேண்டும் அவருக்கு. குடியிருந்தவர்கள் நகர மாட்டோம் என்றார்கள். அப்போதுதான் நீங்கள் ஒரு படத்தோடு வந்தீர்கள். முன்னால் கொட்டகை. பின்னால் சிவப்பு ஓடு வேய்ந்த புது வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டு மரத்தையே வரைந்திருந்தீர்கள்.

பாக்கியம் பெரியம்மா படத்தில் விரலை வைத்து, “டேய் தம்பி, இது என் முருங்கைடா!” என்று பிள்ளைபோலச் சிரித்தாள். நம் சொந்தக்காரி இல்லை அவள். ஆனால் அம்மா போன பிறகு நமக்குச் சோறு போட்டவள். பிரசவம் பார்க்கிறவள், ஊரில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள் அவள் கையில்தான் வந்து விழுந்தார்கள், நீங்களும் நானும்கூட.

“கொஞ்ச மாசம் வெளிய இருங்க. கட்டி முடிச்சதும் இதான் உங்க வீடு” என்றான் தவுக்கேயின் ஆள். பெரியம்மா அவனைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தாள். நீங்கள் தலையசைத்தீர்கள்.

தங்கள் வீடுகளைத் தங்கள் கையாலேயே பிரித்தார்கள். திரும்பி வரும்போது அடுப்படிக்கு ஆகும் என்று பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தார்கள். அவர்கள் போனதும் வேலி வந்தது. உங்கள் பலகையில் வேறொரு படம் இருந்தது. அதே கொட்டகை, அதே வானம். சிவப்பு ஓடுகள் இருந்த இடத்தில் தார்த் தரை, வரிசையாகக் கார்கள்.

“வீடுங்க எங்க அண்ணே?”

“மொதல்லேருந்தே இப்படித்தான் பிளான்.” தூரிகையை அலசிக்கொண்டே சொன்னீர்கள். “நான் வாயத் தொறந்து ஒரு பொய் சொன்னேனா? படந்தானே போட்டேன்.”

உஜோங் பாசிரில், கடலோரமாக, ஒழுகுகிற குடிசை ஒன்றில் பெரியம்மா ஒதுங்கினாள். மழைக்காலம் முடியும்முன் நெஞ்சுச்சளி கண்டு படுத்துவிட்டாள். கடைசி வரை அவள் கேட்டது ஒன்றுதான்: “தம்பி கட்டிட்டானா?”

“கட்டிக்கிட்டு இருக்காரு பெரியம்மா” என்றேன்.

நீங்கள் வாயைத் திறந்து சொல்லாத பொய்யை, சாகிறவளிடம் நான் வாயைத் திறந்து சொன்னேன். அவளை எரித்துவிட்டு வந்த அன்றே முடிவு செய்தேன், உங்களைச் சும்மா விடுவதில்லை என்று.

அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கூலியாக, செமாபோக்கில் தவுக்கே உங்களுக்கு ஒரு மனை கொடுத்தார். அங்கேயே பலசரக்குக் கடை வைத்திருந்தவர் தம் மகளைத் தருவதாக இருந்தது. அங்கே கட்டப்போகும் வீட்டைப் பெண் வீட்டாருக்குப் படமாகக் காட்ட ஆசைப்பட்டீர்கள். அலுவலகத்தில் வேலை நெருக்கவே, “நீயே போடு. உன் கை நல்லா வந்திருச்சு” என்றீர்கள்.

போட்டேன். ஒரு கோடு பிசகவில்லை. வண்ணம் காய்ந்ததும் நீங்களே பார்த்து மெச்சிவிட்டுப் போனீர்கள். நிச்சயத்தன்று காலையில்தான் மனிதர்களை வரைந்தேன். மெல்லிய தாள் போட்டு மூடி, உங்கள் கையில் கொடுத்தேன்.

சபையில் நீங்களே தாளை விலக்கினீர்கள். பெண்ணின் தகப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வீடு ஜோரா இருக்கு மாப்ள” என்றவர், அப்படியே நின்றார். “இது நம்ம பாக்கியம்மால்ல? எம் பிள்ளைய மொதல்ல கையில ஏந்துனவங்களாச்சே. ஏன் மூட்டையோட நிக்கிறாங்க? பின்னால இவங்கெல்லாம் யாரு?”

உங்கள் முகத்தை நான் பார்த்தேன், அண்ணா. தாள்போல வெளுத்திருந்தது.

“எதுக்கும்மா இவங்கள இங்க போட்ட?”

“வீடு எவ்ளோ பெருசுன்னு தெரியறதுக்கு மாமா” என்றேன்.

அவர் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டார், ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் படம், இரண்டாவது படம், கயிறு கட்டிய பலகைகள், உஜோங் பாசிர். கேட்டு முடித்ததும் அவர் தாம்பூலத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கத்தினீர்கள். “என் வாழ்க்கையக் கெடுத்துட்டியேடி!”

“நான் ஒரு பொய் சொன்னேனா அண்ணே? படந்தானே போட்டேன்.”

மறுநாள் சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் அன்று மீன் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன். யாருக்கும் வீடு திரும்பக் கிடைத்துவிடவில்லை, தெரியும். கொட்டகையும் எழுந்தது, திறப்பு நாளில் கார்கள் வந்து நின்றன. ஆனாலும் அந்தச் சாப்பாட்டின் ருசியை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எத்தனையோ வருடம் கழித்து, பிந்திக் கட்டிய மனைவியையும் இழந்து, உடம்புக்கு முடியாமல் உங்கள் மகளோடு மலாக்காவுக்கே வந்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களுக்குக் கஞ்சி ஊட்டியது நான்தான். கூடப் பிறந்தவள், அதைச் செய்யாமல் இருப்பேனா?

“இன்னும் கோவமா?”

“ஆமாண்ணே.”

“மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லேன்.”

உங்கள் வாயோரத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்: “நான் யாரு மன்னிக்க? போயி பெரியம்மாகிட்ட கேளுங்க.”

கடுமைதான். வேண்டுமென்றேதான் சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு, உங்கள் உயிர் போகும் வரை, நாம் பேசவே இல்லை.

வீட்டை இழந்து வேலிக்கு வெளியே நின்றவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் எங்கெங்கோ நன்றாக இருக்கிறார்கள். இந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கோபப்பட மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது, ஆனால் அந்தக் கோபத்தை மட்டும் ஒருநாளும் இறக்கி வைத்ததில்லை. எனக்கும் நேரம் நெருங்கிவிட்டது, அண்ணா. அங்கே வந்ததும் உங்களைத் தேட மாட்டேன். பெரியம்மாவிடம்தான் முதலில் போவேன். நீங்கள் வந்து கேட்டீர்களா என்று விசாரிப்பேன்.