டெஸ்க்டாப்பில் ஐந்து ஐகான்கள்

இன்று காலை நம் கம்ப்யூட்டரைக் கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார் கடைக்காரர். "டெஸ்க்டாப்புல கீற ஐகானெல்லாம் பூடும், பரவால்லையா?" என்று கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாமென்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது.

பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்த உனக்குக் கம்ப்யூட்டர் கைவந்தது. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் மரவள்ளி லோடு இறக்கும் எனக்கு அதைத் தொடவே கூச்சம். உன் வயிற்று வலிக்குப் புதுச்சேரியில் டெஸ்ட் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் ஆஸ்பத்திரி வெப்சைட்டில் வருமென்று காத்திருந்தோம். ஒரு சாயங்காலம் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது நீ கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாய். திரையில் வரிசையாக ஐந்து ஐகான்கள். இங்கிலீஷ் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, கரண்ட், கேஸ், ரேஷன், பாப்பா மார்க்கு, மழை என்று தமிழில் மாற்றியிருந்தாய்.

"இத்த ரெண்டு தட்டு தட்டுங்க, நேரா அந்தப் பக்கம் வந்துடும். மலை ஏறதுக்கு முன்னாடி மழையப் பாத்துக்குனு போங்க."

"எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? நீதான் கீறியே."

"ஒரு தடவ தட்டிப் பாருங்களேன்."

களைப்பில் சள்ளென்று விழுந்தேன். "வேற வேல இல்லியா உனக்கு?" நீ எழுந்து சோறு போட்டாய்.

அதன்பின் மலையில் சிக்னல் கிடைக்கிற இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்திப் போன் செய்தேன். "ரிப்போர்ட் வந்துச்சா?" என்றால், "இன்னும் வரலைங்க" என்பாய். மூன்று வாரம் அப்படியே போனது. நம் பாப்பா பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த மறுநாள்தான், "வந்துடுச்சு" என்றாய்.

நீ போன பிறகு ஏதோ ஒரு அலுவலகத்தில் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். பாப்பா கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். நீ அதை இறக்கி வைத்த தேதியைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. கடைசிப் பரீட்சைக்கு மூன்று வாரம் முந்தைய தேதி. ஏதோ தோன்றி, அந்த ஐகான்கள் என்றைக்கு வைத்தவை என்று பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஐந்துக்கும் அதே தேதி. ரிப்போர்ட் மத்தியானம் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, நான் வருவதற்குள் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாய்.

"என் பரீட்சைக்காகவாப்பா அம்மா மறைச்சாங்க?" என்று கேட்டாள் பாப்பா. இல்லையென்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

மூன்று வாரம் முன்னால் வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார் டாக்டர். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்கத் தைரியமில்லை.

பாப்பா இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். போனில் அவள் குரல் இறங்கியிருந்தால், ஏன் என்று கேட்கிறேன். "ஒன்னுமில்லப்பா" என்கிறாள். முன்பென்றால் சரியென்று வைத்திருப்பேன். இப்போது வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, மறுபடியும் கேட்கிறேன்.